ராயல் ஆஸ்காட்டில் ஒரு நாள், மாணவர் பரிசாக: எதைப் பார்க்க வேண்டும்?

மேகலா

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் குதிரை அறிவியல் படிக்கிறேன். இரண்டு வயதுக் குதிரைகளின் முன்னங்கால் எலும்பு பயிற்சிக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்பதை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆய்வுக்கட்டுரையாக எழுதினோம். அதற்கு இந்த ஆண்டு துறையின் பரிசு கிடைத்திருக்கிறது. காசோலை, கேடயம் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தய விழாவான ராயல் ஆஸ்காட்டில் ஒரு முழு நாள்! அதுவும் வியாழக்கிழமை, தங்கக் கோப்பை ஓடும் நாள். குவீன் ஆன் என்க்ளோஷர் என்ற பார்வையாளர் பகுதிக்கு டிக்கெட், ரயில் செலவு, மதிய உணவு எல்லாம் துறையே பார்த்துக்கொள்கிறது.

லாயத்தில் வேலை பார்த்திருக்கிறேன், குதிரை உடற்கூறியல் ஓரளவு தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய பந்தயத்தை நேரில் பார்த்ததே இல்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: எங்கே நின்றால் குதிரைகளை நன்றாகப் பார்க்கலாம்? ஓடும் குதிரைகளின் விவரம் இருக்கும் ரேஸ் கார்டை எப்படிப் படிப்பது? சேலை கட்டிக்கொண்டு போகலாமா? குதிரை மேல் பந்தயப் பணம் கட்டும் எண்ணம் எங்கள் நால்வருக்கும் இல்லை, அதனால் அந்தப் பக்க ஆலோசனை வேண்டாம்.

வெள்ளிவீதி

வாழ்த்துகள் மேகலா! படிப்புக்கு இவ்வளவு பொருத்தமான பரிசு கிடைப்பது அபூர்வம்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆன் அரசி வின்ட்சர் கோட்டைக்குப் பக்கத்தில் இந்தத் திறந்த வெளியைப் பார்த்துவிட்டுப் பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தார். முதல் ஓட்டம் 1711 ஆகஸ்ட் 11 அன்று நடந்தது, பரிசு 100 கினி (அந்தக் காலத் தங்க நாணயம்). உங்கள் டிக்கெட்டில் இருக்கும் பெயர் அவருடையதுதான். தங்கக் கோப்பை 1807-ல் தொடங்கியது. 1907-ல் அந்தக் கோப்பையை மைதானத்திலிருந்தே யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. அரச ஊர்வலத்தை 1825-ல் நான்காம் ஜார்ஜ் தொடங்கிவைத்தார். பிற்பகல் 2 மணிக்குச் சாரட்டுகள் நேர்ப்பாதை வழியாக வரும். வண்டி இழுக்கும் வின்ட்சர் கிரேஸ் என்ற சாம்பல் குதிரைகளைத் தவறவிடாதீர்கள். அவ்வளவு கூட்டத்துக்கும் கூச்சலுக்கும் நடுவே சீராக நடக்கப் பழக்கப்பட்டவை, உங்கள் கண்ணுக்கு அது ஒரு தனிப் பாடம்.

உடை: குவீன் ஆன் என்க்ளோஷரில் பெண்களுக்குத் தொப்பியோ தலை அலங்காரமோ கட்டாயம். ஆண்களுக்கு ஒரே துணியில் தைத்த முழு சூட், டை, கணுக்காலை மறைக்கும் காலுறை. உடை விதி இன்னும் கண்டிப்பான ராயல் என்க்ளோஷரிலேயே வெளிநாட்டவர் தங்கள் நாட்டு முறைப்படியான உடையில் வரலாம் என்று விதியில் எழுதியிருக்கிறார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தாராளமாகப் போங்கள். டிக்கெட்டோடு வரும் குறிப்பை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

லாயத்துக்காரன்

நியூமார்க்கெட்டில் பந்தய லாயங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். தங்கச்சி, ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். பார்வையாளர் மேடையில் இடம் பிடிக்க ஓடாதே. நீ நிற்க வேண்டிய இடம் முன்-பரேட் ரிங்.

அங்கேதான் சேணம் பூட்டுவதற்கு முன் குதிரையை வெறும் உடம்போடு நடத்திக் காட்டுவார்கள். கூட்டம் அங்கே குறைவு. முதலில் நடையைப் பார். பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் பதிந்த இடத்தைத் தாண்டி விழுகிறதா? அப்படி விழுந்தால் இடுப்பும் முதுகும் இறுக்கமில்லாமல் இருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து காது. ஒரு காது முன்னும் ஒரு காது பக்கவாட்டிலுமாக ஆடிக்கொண்டிருந்தால் சுற்றுப்புறத்தைக் கவனிக்கிறது, நல்லது. இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டு வாலும் சுழன்றுகொண்டிருந்தால் எதுவோ அதற்குப் பிடிக்கவில்லை. வியர்வையையும் பார். ஜூன் வெயிலில் கழுத்து நனைவது இயல்பு. பின்தொடைகளுக்கு நடுவே சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வந்தால், ஓடுவதற்கு முன்பே பதற்றத்தில் சக்தியைச் செலவழிக்கிறது. எத்தனை பேர் கூட நடக்கிறார்கள் என்பதும் ஒரு குறிப்பு. இரண்டு பக்கமும் ஆள் பிடித்து வந்தால் துடிப்பான குதிரை என்று வைத்துக்கொள்.

குதிரையோடு நடக்கும் அந்தப் பணியாளர்களையும் பார். விடியுமுன் எழுந்து தீனி வைத்து, உடம்பு தேய்த்து, குளம்பு சுத்தம் செய்து, வண்டியில் ஏற்றி இங்கே கொண்டு வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலான ஓட்டங்களுக்கு முன் நன்றாகப் பராமரிக்கப்பட்ட குதிரைக்கு ஒரு பரிசு கொடுப்பார்கள். அது உரிமையாளருக்குப் போகாது, அந்தப் பணியாளரின் கையில் வரும். டிவியில் அதை இரண்டு நொடிதான் காட்டுவார்கள். எங்களுக்கு அதுதான் கோப்பை.

ரேஸ் கார்டு: பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்கள் கடந்த ஓட்டங்களின் முடிவுகள், கடைசியாக ஓடியது வலது ஓரத்தில் இருக்கும். 0 என்றால் முதல் ஒன்பது இடத்துக்குள் வரவில்லை. நடுவில் சிறு கோடு வந்தால் ஆண்டு மாறியிருக்கிறது. ஓரத்தில் சிறிய எழுத்துகள் இருக்கும்: கண்மறைப்பு, காதை மூடும் முகமூடி, கன்னத்தில் வைக்கும் ஆட்டுத்தோல் பட்டை, நாக்குக்கட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. எழுத்தோடு 1 சேர்ந்திருந்தால் அந்தக் குதிரைக்கு அதை முதல்முறையாகப் போடுகிறார்கள். எதற்காகப் போட்டார்கள் என்று நீங்கள் நான்கு பேரும் பேசிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

மேகலா

அண்ணா, இதை அப்படியே அச்செடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் பாடப் புத்தகத்தில் கூட இவ்வளவு தெளிவாக இல்லை. வெள்ளிவீதி, சேலை விஷயத்துக்கு நன்றி, அம்மாவுக்குத்தான் பெரிய சந்தோஷம்.

கனி_ம

மேகலாவின் உழைப்புக்கு என் வாழ்த்து. ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்குப் பரிசாகச் சூதாட்டம் நடக்கும் இடத்துக்கு ஒரு நாள் அனுப்புவது சரியா? பிரிட்டனில் 18 வயதானால் பணம் கட்டலாம், சட்டப்படி தவறில்லை. ஆனால் பரிசு என்பது ஒரு நிறுவனம் "இது நல்லது" என்று சொல்லும் வழி. அப்புறம், குதிரைகள் கால் முறிந்து சாகின்றன. இரண்டு வயதில் ஓடவிடுகிறார்கள். சாட்டையால் அடிக்கிறார்கள். குதிரை நலம் படிக்கிற பிள்ளைகள் அதைக் கொண்டாடப் போவது எனக்கு உறுத்துகிறது.

பரிதி

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. கனி கேட்டுவிட்டார்.

குளம்படி

கால்நடை மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன், கனி. உங்கள் சங்கடத்தில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு இந்தத் துறையில் யாரும் நல்ல வேலை செய்ய முடியாது.

அரை டன் எடையுள்ள உடம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும்போது, ஒவ்வோர் எட்டிலும் ஒரு முன்னங்கால் தன் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது. எலும்பு முறிவு பெரும்பாலும் திடீர் விபத்து இல்லை. நுண்ணிய விரிசல்கள் நாளடைவில் சேர்ந்து, ஆற நேரம் கிடைக்காமல், ஒரு நாள் உடைகிறது. மேகலா குழு எடுத்துக்கொண்ட தலைப்பு இதைத்தான் தொடுகிறது. வளரும் எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும். இளங்குதிரைக்கு மெதுவான நீண்ட ஓட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒரேயடியாக வேகத்துக்கு மாற்றினால் முழங்காலுக்குக் கீழே இருக்கும் கேனன் எலும்பின் முன்புறம் வலி எடுக்கும். குறுகிய தூர வேக ஓட்டத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் எலும்பு தயாராகிவிடும். ஆக, இரண்டு வயதில் ஓட்டலாமா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. எப்படிப் பழக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். இதைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் மைதானத்துக்குப் போவது குதிரைக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

சாட்டை விதி 2023-ல் இறுகியது. தடைகளைத் தாண்டாத பிளாட் ஓட்டத்தில் ஒரு ஜாக்கி 6 முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அந்த வரம்புக்கு மேல் இன்னும் 4 அடி அடித்தால் குதிரையின் வெற்றியே பறிபோகும். அது போதுமா என்றால், எனக்குப் போதாது. ஊக்குவிப்பதற்காக அடிப்பதை முழுதாக நிறுத்தலாம் என்பது என் கருத்து. பாதுகாப்புக்காக, குதிரை விலகி ஓடாமல் தடுக்க, கையில் வைத்துக்கொள்ளட்டும்.

லாயத்துக்காரன்

டாக்டர் சொன்னதில் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அதைப் பேச வேறு இழை வேண்டும். கனி அம்மா, பந்தயம் முடிந்த குதிரைகளுக்காக ஆர்.ஓ.ஆர் என்ற அறநிறுவனம் 2000-லிருந்து இயங்குகிறது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைச் சவாரிக்கும் வேறு போட்டிகளுக்கும் மறுபடி பழக்குகிறார்கள். நான் வளர்த்த ஒன்று இப்போது ஒரு பள்ளிப் பெண்ணைச் சுமந்துகொண்டு அமைதியாகக் காட்டுப் பாதையில் நடக்கிறது.

வெள்ளிவீதி

பணம் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இது மேகலா படிக்கும் துறைக்கே நேரடித் தொடர்புள்ளது. பிரிட்டனில் குதிரைப் பந்தய லெவி வாரியம் என்று ஒன்று 1961-ன் சட்டத்தால் வந்தது. பிரிட்டிஷ் பந்தயங்களில் புக்மேக்கர்கள், அதாவது பந்தயப் பணம் வாங்கும் நிறுவனங்கள், ஈட்டும் மொத்த லாபத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட பகுதியில் 10 சதவீதத்தை வாரியம் வசூலிக்கிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பரிசுத்தொகைக்குப் போகிறது, ஒரு பகுதி கால்நடை மருத்துவ ஆய்வுக்குப் போகிறது.

கனி_ம

வெள்ளிவீதி, நீங்கள் சொன்னது என் சங்கடத்தைக் கூட்டுகிறது. தோற்றவர்களின் பணத்தில் ஆய்வு நடக்கிறதென்றால், ஆய்வாளர்கள் அதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். ஆனால் டாக்டர் சொன்னதை ஏற்கிறேன். கேள்வி கேட்கத் தெரிந்தவர் வாசலுக்கு வெளியே நிற்பதால் குதிரைக்கு ஒரு லாபமும் இல்லை. மேகலா, போய் வாருங்கள். குதிரை ஓடி முடித்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

மேகலா

கண்டிப்பாக எழுதுகிறேன் அக்கா.

தென்றல்

ஓர் ஓரத் தகவல். கதீஜா மெல்லா என்ற லண்டன் பெண், பிரிக்ஸ்டனில் உள்ள எபோனி ஹார்ஸ் கிளப்பில் சவாரி கற்றவர், பள்ளிப் படிப்பு முடித்த 18 வயதில் 2019-ல் குட்வுட் மைதானத்தில் மக்னோலியா கோப்பையை ஹாவர்லண்ட் என்ற குதிரையில் வென்றார். பந்தயக் குதிரை மேல் முதன்முதலாக ஏறியது அதே ஆண்டு ஏப்ரலில்தான். ஹிஜாப் அணிந்து ஒரு பிரிட்டிஷ் பந்தயத்தில் ஓட்டிய முதல் பெண்ணும் அவரே. மைதானம் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

ராயல் ஆஸ்காட்டில் முதன்முதலாக வென்ற பெண் ஜாக்கி கே கெல்லவே, 1987-ல். அடுத்த பெண் வெற்றிக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஹெய்லி டர்னர். இடையில் 32 ஆண்டுகள்! ஆணும் பெண்ணும் ஒரே ஓட்டத்தில் ஒரே விதியில் மோதும் விளையாட்டுகள் மிகக் குறைவு, அதிலேயே இந்த நிலை.

மேகலா

போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறியபோதே பெட்டி முழுக்கத் தொப்பிகள். நான் மாம்பழ நிறப் பட்டும் அதே நிறத்தில் சிறிய தலை அலங்காரமும் அணிந்திருந்தேன். வாசலில் நின்ற பெண் சிரித்தபடி வரவேற்றார், அதோடு உடைப் பேச்சு முடிந்தது.

அண்ணா சொன்னபடி நேரே முன்-பரேட் ரிங்குக்குப் போனோம். முதல் குதிரை வந்ததும் எங்கள் குழுவில் ஒருத்தி மூச்சே விடவில்லை. நாங்கள் எக்ஸ்ரே படத்தில் மாதக்கணக்கில் பார்த்த அந்தக் கேனன் எலும்பு, இங்கே பளபளக்கும் தோலுக்கு அடியில், எங்களுக்குச் சில அடி தூரத்தில் நடந்துபோனது. நார்ஃபோக் ஸ்டேக்ஸ் என்ற ஓட்டத்துக்கு வந்த குதிரைகள் எல்லாம் இரண்டு வயது. சில முழு வளர்ச்சி அடைந்த மாதிரி தெரிந்தன, சில இன்னும் குட்டித்தனம் மாறாமல் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தன. பூமியின் வடக்குப் பாதியில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள் என்று படித்திருக்கிறோம். ஜனவரியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் ஒரே வயதாகக் கணக்கிடப்படுவதன் பொருள் அந்த வளையத்தில் நின்றபோதுதான் கண்ணுக்குப் புலப்பட்டது. எங்கள் அடுத்த ஆய்வுக்கான கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது.

ஐந்து ஃபர்லாங், அதாவது ஏறத்தாழ 1 கிலோமீட்டர், சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. காலில் நிலம் அதிர்வதை உணர்ந்தோம். கடைசியில் எல்லாக் குதிரைகளும் திரும்பி வரும்வரை நாங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் நன்றாக நடந்து வந்தன.

தங்கக் கோப்பை வேறு உலகம். ஏறத்தாழ 4 கிலோமீட்டர். மேடைக்கு முன்னால் ஒருமுறை நிதானமாகக் கடந்து போகின்றன, அப்போதுதான் ஜாக்கிகள் குதிரையைக் கெஞ்சிக் கெஞ்சி அமைதிப்படுத்துவது தெரிகிறது. அப்புறம் ஸ்வின்லி பாட்டம் என்ற தாழ்வான பகுதிக்கு இறங்கி, அங்கிருந்து கடைசிவரை ஏற்றம். களைத்த நேரத்தில் அந்த ஏற்றத்தை ஏற வேண்டும். பாய்ச்சலில் குதிரைக்கு ஓர் எட்டுக்கு ஒரு மூச்சுதான், கால் வீச்சும் நுரையீரலும் பூட்டிக்கொண்ட மாதிரி இயங்கும் என்று வகுப்பில் சொல்வார்கள். வேலிக்குப் பக்கத்தில் நின்றால் அது காதிலேயே கேட்கிறது. ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு சீறல். யீட்ஸ் என்ற குதிரை 2006 முதல் 2009 வரை இதை நான்கு முறை தொடர்ந்து வென்றது என்று படித்தபோது ஒரு செய்தியாகத்தான் இருந்தது. அந்த ஏற்றத்தை நேரில் பார்த்த பிறகு அது நம்ப முடியாத சாதனையாகத் தோன்றுகிறது.

கனி அக்கா கேட்டது. ஓட்டம் முடிந்ததும் குதிரைகளுக்கு வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றியதை வழித்துவிட்டு மறுபடி ஊற்றினார்கள். ஜெயித்ததற்கும் கடைசியாக வந்ததற்கும் ஒரே கவனிப்புதான் இருந்தது. ஒரு குதிரை வெப்பம் தாங்காமல் தள்ளாடியது. மருத்துவர்கள் உடனே வந்து, நடத்திக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்கள், கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது. அதுவரை எங்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. நான் பார்த்தவரை கவனிப்பு நேர்மையாக இருந்தது. ஆனால் அந்தத் தள்ளாட்டத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பந்தயம் முடிந்த பிறகு பேண்டு மேடையைச் சுற்றி எல்லோரும் கொடி அசைத்துப் பாடுவார்கள். நாங்களும் நின்று தொண்டை கட்டும்வரை பாடினோம். எங்கள் பேராசிரியரை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கனி_ம

தள்ளாடிய குதிரையை விடாமல் எழுதியதற்கு நன்றி மேகலா. என் கருத்து முழுதாக மாறவில்லை. ஆனால் இப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பரிசு போனதில் எனக்கு இப்போது வருத்தமில்லை. ஆர்.ஓ.ஆர் பற்றி லாயத்துக்காரரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

குளம்படி

ஓடி முடித்த குதிரை தள்ளாடும்போது நடத்திக்கொண்டே தண்ணீர் ஊற்றியது சரியான முறை. தசையில் உண்டான வெப்பம் ஓட்டம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த நீர் தசைப்பிடிப்பை உண்டாக்கும் என்று பயந்த காலம் ஒன்று இருந்தது, இப்போது அந்தப் பயம் போய்விட்டது. நிறைய, வேகமாக, திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும்.

பிறந்த மாதம் பற்றிய கேள்வி அருமை. மே மாதக் குட்டி ஜூனில் ஓடினால் உண்மையில் அதற்கு 25 மாதம்தான். எலும்பின் வளர்தட்டு, அதாவது எலும்பு நீளும் முனைப் பகுதி, மூடும் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அருவி

நான் வேறொரு கல்லூரியில் படிக்கிறேன், எங்கள் வகுப்பிலும் அடுத்த ஆண்டு இதே மாதிரி ஒரு பரிசு அறிவித்திருக்கிறார்கள். எந்த நாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எங்களையே கேட்கிறார்கள். தங்கக் கோப்பை நாளே நல்லதா?

லாயத்துக்காரன்

நீ எதைப் படிக்கிறாய் என்பதைப் பொறுத்தது. வேகம்தான் ஆர்வமென்றால் செவ்வாய். குவீன் ஆன் ஸ்டேக்ஸில் நேர்ப்பாதை ஒரு மைல், 2012-ல் ஃபிராங்கல் என்ற குதிரை 11 குதிரை நீள இடைவெளியில் ஜெயித்தது அங்கேதான். அன்றே ஐந்து ஃபர்லாங் கிங் சார்லஸ் III ஸ்டேக்ஸும் உண்டு, வேகக் குதிரைகளின் பின்தசையை அதில் பார். தாங்குதிறன் என்றால் வியாழன். இல்லையென்றால் சனிக்கிழமை கடைசி ஓட்டமான குவீன் அலெக்ஸாண்ட்ரா ஸ்டேக்ஸ், பிரிட்டனில் பிளாட் பந்தயங்களிலேயே நீளமானது, 4 கிலோமீட்டருக்கும் மேல். எந்த நாளானாலும் வின்ட்சர் என்க்ளோஷர் டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொன்னால், பரேட் ரிங் போக முடியுமா என்று முதலில் கேள். அது இல்லாத டிக்கெட் உங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படாது.

மேகலா

ஆமாம் அருவி, அதைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள். ஊர்வலத்துக்கு முன்பே போய்விடுங்கள், முதல் ஓட்டத்துக்கான குதிரைகள் நடக்கத் தொடங்கும்போது வேலியோரம் இடம் இருக்கும். தட்டையான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், புல்தரையில் நாள் முழுக்க நடக்க வேண்டும். ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள்.